வளாகத்துக்குள் கரடி: அமெரிக்கப் பல்கலைக்கழகப் போலீசும் விலங்கு அழைப்புகளும்

1981 நவம்பர் இறுதியில் ஒருநாள், விடிவதற்கு முன்பே கால்நடை மருத்துவர் ஷெல்டன் பிவின் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. ஊர், லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ். பேசியது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வளாகப் போலீஸ். புலி கூண்டைவிட்டு வெளியே வந்து சாலையில் திரிகிறது என்றார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1936 முதல் புலிதான் அடையாள விலங்கு. சின்னத்திலோ கொடியிலோ வரையப்பட்ட புலியல்ல, உயிருள்ள புலி. அப்போது இருந்தது நான்காம் மைக். பரம எதிரியான டுலேன் பல்கலைக்கழகத்துடன் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடக்க இருந்த நேரம். யாரோ விளையாட்டுத்தனமாகக் கூண்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். போலீஸ் கார்கள் வழிகளை அடைக்க, புலி மெல்லமெல்ல ஓட்டப்பந்தய மைதானம் ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே வைத்து மருத்துவர் மயக்க ஊசி செலுத்தினார். மைக் கூண்டுக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்தது.

வளாகப் போலீஸ் அன்று செய்த காரியங்களை எண்ணிப் பார்த்தால் மிகக் குறைவு. சரியான ஆளுக்கு ஃபோன் செய்தார்கள். வழியை அடைத்தார்கள். காத்திருந்தார்கள். இடுப்பில் துப்பாக்கி இருந்தும் அதை எடுக்கவில்லை. விலங்கு சம்பந்தப்பட்ட அழைப்புகளில் வளாகப் போலீஸின் திறமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது என் கருத்து. சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலை நடைமுறையில் ஏன் அடிக்கடி கெட்டுப்போகிறது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் இந்தப் போலீஸ் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் கல்லூரி வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அல்ல இவர்கள். 1894-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கென்று நியூ ஹேவன் நகரக் காவலர்கள் இருவர் ஒதுக்கப்பட்டதை இந்த அமைப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். 1960-களின் மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றி, பல்கலைக்கழகங்கள் சொந்தமாகப் போலீஸ் படை வைத்துக்கொள்ள வழி செய்தன. கைது செய்யும் அதிகாரம், சீருடை, ரோந்து கார், தனிக் கட்டுப்பாட்டு அறை எல்லாம் அவர்களுக்கு உண்டு. 2011–12 கல்வியாண்டில் அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2,500 மாணவர்களுக்கு மேல் உள்ள நான்காண்டுக் கல்லூரிகளில், அரசு நிறுவனங்களில் 92 விழுக்காடும் தனியார் நிறுவனங்களில் 38 விழுக்காடும் பதவிப் பிரமாணம் எடுத்த போலீஸ் அதிகாரிகளை வைத்திருந்தன. ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் இருந்த வளாகங்கள் மொத்தத்தில் 75 விழுக்காடு.

இந்த வளாகங்கள் பல சிற்றூர் அளவுக்குப் பெரியவை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் ஏறத்தாழ 2,000 ஏக்கர், பெரும்பகுதி ரெட்வுட் மரக்காடு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குள் ஆலிஸ் ஏரி என்றே ஒன்று இருக்கிறது, அதில் அலிகேட்டர் முதலைகள் வாழ்கின்றன. 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தின் கீழ் நிலம் பெற்று வேளாண்மை கற்பிக்கத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் இன்றும் மாட்டுப் பண்ணையும் குதிரைக் கொட்டிலும் ஆட்டுப்பட்டியும் உண்டு. வேலி பிய்ந்தால் மாடு சாலைக்கு வரும். இவை போதாதென்று விடுதி அறைகளில் நாய், பூனை, சில நேரம் பாம்பு.

இத்தனை உயிர்களுக்கும் அதிகாரி ஒருவர் அல்ல என்பதில்தான் சிக்கல். கரடி, மான், மலைச்சிங்கம் மாநிலக் கானுயிர்த் துறைக்கு உரியவை. கனடா வாத்து கூட்டாட்சி அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. தெருவில் அலையும் நாயைப் பிடிப்பது மாவட்ட விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகம். கடித்த வௌவாலைப் பரிசோதிப்பது பொதுச் சுகாதாரத் துறை. ஊனமுற்ற மாணவரின் உதவி நாய், பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தின் பொறுப்பு. ஆய்வுக்கூட எலிக்கும் குரங்குக்கும் வேறொரு குழு. இவற்றில் பெரும்பாலானவை மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும் அலுவலகங்கள். அதற்குப் பிறகு அவசரம் என்றால் மட்டுமே ஆள் வருவார். விலங்குகள் பெரும்பாலும் இரவில் வருகின்றன. அதிகாலை மூன்று மணிக்கு யாராவது ஃபோனை எடுப்பார்கள் என்ற நிச்சயத்தோடு ஒரு மாணவி அழைக்கக்கூடிய இடம் வளாகப் போலீஸ் ஒன்றுதான். விலங்கைப் பற்றி அவர்களுக்குத் தெரியும் என்பதற்காக யாரும் அவர்களை அழைப்பதில்லை. விழித்திருக்கிறார்கள் என்பதற்காக அழைக்கிறார்கள்.

அழைப்புகளில் பெரும்பகுதி சில்லறை விவகாரம். அணில் குழாய்க்குள் மாட்டிக்கொண்டது, பூட்டிய காருக்குள் வெயிலில் நாய் மூச்சிரைக்கிறது, வாகன நிறுத்துமிடத்து வாத்து வருவோர் போவோரை எல்லாம் துரத்துகிறது. வாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனடா வாத்துக்கு 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் காவல். அனுமதியோ பதிவோ இல்லாமல் அதன் கூட்டை நகர்த்துவதும் முட்டையை எடுப்பதும் குற்றம். 15,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். அடைகாக்கும் காலம் ஏறக்குறைய நான்கு வாரம். ஆகவே நூலக வாசலில் வாத்து முட்டையிட்டுவிட்டால் போலீஸ்காரர் செய்யக்கூடியது, கூட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, மனிதர்களைப் பின்வாசல் வழியாக அனுப்புவது. சட்டம் வாத்தின் பக்கம்.

பெரிய மிருகம்தான் பெரிய ஆபத்து என்று நினைப்போம். வளாகப் போலீஸ் கையாளும் அழைப்புகளில் உயிரைப் பறிக்கக்கூடியதும், தவறாகக் கையாளப்பட எல்லா வாய்ப்பும் உள்ளதும், உள்ளங்கையில் அடங்கும் வௌவால்.

ரேபிஸ் என்றால் நமக்கு நாய்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் நிலைமை வேறு. நாய்களுக்கிடையே பரவும் ரேபிஸ் வகை அந்நாட்டில் ஒழிந்துவிட்டதாக 2007-இல் அறிவித்தார்கள். இப்போது ஆண்டுக்குச் சுமார் நாலாயிரம் விலங்குகளில் அங்கே ரேபிஸ் கண்டறியப்படுகிறது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காட்டுயிர்கள். அமெரிக்காவில் தொற்றி இறக்கும் மனிதர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு அது வௌவாலிடமிருந்து வந்தது. வௌவாலின் பல் ஊசிமுனை போன்றது. தூக்கத்தில் கடித்தால் விழிப்பு வராமலே போகலாம், காலையில் காயமும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அதற்குமேல் மருத்துவம் கைகொடுப்பதில்லை.

கோடையின் பிற்பகுதியில் அந்த ஆண்டு பிறந்த குட்டிகள் பறக்கப் பழகுகின்றன. பழைய செங்கல் கட்டடங்களின் கூரையிடுக்கில் வாழும் அவை வழிதவறி அறைகளுக்குள் நுழைகின்றன. ஆகஸ்டில் புதிய மாணவர்கள் விடுதிக்கு வந்து, குளிர்சாதனம் இல்லாத அறைகளில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறார்கள். இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்வதால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வௌவால் அழைப்புகள் குவிகின்றன.

அறைக்குள் போலீஸ்காரர் நுழைகிறார். வௌவால் திரைச்சீலையில் தொங்குகிறது. மாணவன் கட்டில்மேல் நின்று கத்திக்கொண்டிருக்கிறான். மனிதாபிமானமுள்ள யாருக்கும் தோன்றுவது, விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அதை வெளியே விடுவது. பல நேரங்களில் அது சரிதான். ஆனால் அந்த அறையில் இரவு யாராவது தூங்கியிருந்தால், அல்லது குடிபோதையில் கிடந்திருந்தால், அதே கருணை பெரிய தவறாகிவிடும். வௌவால் போய்விட்டால் அதற்கு ரேபிஸ் இருந்ததா என்று சொல்ல வழியில்லை. அறையில் படுத்திருந்தவர்களுக்கு இம்யூனோகுளோபுலினும், 0, 3, 7, 14-ஆம் நாள்களில் நான்கு தடுப்பூசிகளும் போட வேண்டிவரும். செலவு ஆயிரக்கணக்கான டாலர். ஊசி வேண்டாம் என்று மாணவன் அலட்சியம் காட்டினால் இழப்பைக் கணக்கிட முடியாது. வௌவாலைப் பிடித்து வைத்திருந்தால் ஓரிரு நாளில் முடிவு வந்துவிடும். பெரும்பாலும் நோயில்லை என்றே வரும், ஒருவருக்கும் ஊசி தேவைப்படாது.

2021 இலையுதிர் காலத்தில் சில வார இடைவெளியில் அமெரிக்காவில் மூன்று பேர் வௌவால் ரேபிஸால் இறந்தார்கள். மூவரும் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். என்றாலும் நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த மரணங்களைப் பற்றி வெளியிட்ட தகவல் ஒவ்வொரு வளாகப் போலீஸ் பயிற்சியிலும் வாசிக்கப்பட வேண்டியது. இருவர் வௌவாலைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் வெளியே விட்டுவிட்டார்கள். மூன்றாமவர் பிடித்துக் கொடுத்தார், நோய் உறுதியானது, ஆனால் தடுப்பூசியை மறுத்துவிட்டார்.

ஆகவே போலீஸ்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வௌவால் எங்கே என்பதல்ல. இரவு இங்கே யார் தூங்கினார்கள் என்பது. அடுத்தது தடித்த தோல் கையுறை, ஒரு டப்பா, ஓர் அட்டை. சுவரில் ஒட்டியிருக்கும்போது டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, மூடி, சுகாதாரத் துறைக்கு அனுப்ப வேண்டும். தலை சிதையக் கூடாது, ஏனென்றால் பரிசோதனைக்கு மூளை வேண்டும். டென்னிஸ் மட்டையால் அடித்து வீழ்த்தும் வீரம் இங்கே உதவாது. வௌவால் மட்டுமல்ல, தள்ளாடி நடக்கும் ரக்கூனையோ ஸ்கங்க்கையோ வேறு வழியின்றிச் சுட நேர்ந்து, அது யாரையாவது கடித்தும் இருந்தால், தலையில் சுடக் கூடாது என்பது இதே காரணத்தால்தான். துப்பாக்கிப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு இது எளிதில் தோன்றும் யோசனையல்ல. யாராவது முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பெரிய விலங்குகளின் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. 2012 ஏப்ரல் இறுதியில் போல்டர் நகரில், கொலராடோ பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ் வில்லேஜ் விடுதிகளுக்கிடையே கருங்கரடி ஒன்று வந்து மரத்தில் ஏறிக்கொண்டது. வளாகப் போலீஸ் வந்தது, மாநிலக் கானுயிர் அதிகாரிகள் வந்தார்கள், மரத்தடியில் மெத்தைகள் விரிக்கப்பட்டன. மயக்க ஊசி பாய்ந்து, கால்கள் நான்கும் விரிந்தபடி கரடி அந்தரத்தில் விழும் கணத்தை மாணவப் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்தார். அந்தப் படம் உலகைச் சுற்றிவந்தது. கரடியை மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, போல்டரை நோக்கித் திரும்பிவரும் வழியில் 36-ஆம் நெடுஞ்சாலையில் வாகனங்களில் அடிபட்டு அது இறந்தது. விழும் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்!

மயக்க ஊசியைப் பற்றி சினிமா நமக்குக் கொடுத்திருக்கும் எண்ணம் பொய். சுட்டவுடன் விலங்கு சாய்வதில்லை. பல நிமிடங்கள் ஆகும், அதற்குள் மிரண்டு எங்கே வேண்டுமானாலும் ஓடும். எடையை ஊகித்து மருந்தை அளக்க வேண்டும், மிகுந்தாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கெட்டமின் போன்ற மருந்துகள் கூட்டாட்சிப் போதைமருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. எனவே வளாகப் போலீஸிடம் பொதுவாக மயக்கத் துப்பாக்கி இருப்பதில்லை. இருப்பது மனிதர்களுக்கான துப்பாக்கி. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கையில் உள்ள ஒரே கருவி, காலம்.

மரத்தில் ஏறிய கரடி பெரும்பாலும் கீழே நிற்கும் கூட்டத்துக்குப் பயந்துதான் இறங்காமல் இருக்கிறது. கூட்டத்தை விலக்கி, நாய்களைக் கட்டி, விளக்குகளை அணைத்துவிட்டால் இருட்டில் தானாக இறங்கிப் போய்விடும். அந்தக் கூட்டத்தை விலக்குவது கானுயிர் அதிகாரியின் கையில் இல்லை, போலீஸின் கையில் இருக்கிறது. செல்ஃபி எடுக்க ஆளாளுக்கு முண்டும் நானூறு மாணவர்களை நூறு அடி பின்னால் தள்ளுவதுதான் அன்றிரவு கரடிக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி.

அழைப்பு என்பது விலங்கின் வாழ்வில் என்னவாக முடிகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கொலராடோவில் 1980-களிலிருந்து கரடிகளுக்கு இரண்டு வாய்ப்பு என்றொரு கொள்கை இருந்துவந்திருக்கிறது: முதல் முறை பிடிபட்டால் காதில் வில்லை மாட்டி இடம் மாற்றுவார்கள், மறுமுறை தொல்லை என்று பிடிபட்டால் கொன்றுவிடுவார்கள். ஃபுளோரிடாவில் விதி இன்னும் கடுமை. நான்கு அடியோ அதற்கு மேலோ நீளமுள்ள அலிகேட்டர், மனிதருக்கோ வளர்ப்பு விலங்குக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று புகார் வந்தால், மாநிலம் ஒப்பந்த வேட்டைக்காரரை அனுப்பும். பிடிபட்டதை வேறு ஏரியில் விடுவது வழக்கமல்ல, ஏனென்றால் முதலை பழைய இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும். பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். ஏரிக்கரையில் வெயில் காயும் முதலையைப் பார்த்துப் பதறி முதலாண்டு மாணவி ஒருத்தி போலீஸை அழைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். போய்ப் பார்க்கும் அதிகாரி, அது தன் பாட்டுக்குக் கிடக்கிறது என்று சொல்லித் திரும்பலாம்; ‘தொல்லை’ என்று மாநிலத்துக்குத் தெரிவிக்கலாம். இரண்டில் எது என்பது அநேகமாக அந்த உயிரின் தீர்ப்பு. அதில் கையெழுத்திடுபவர் விலங்கியல் படித்தவர் அல்லர்.

கலிபோர்னியாவில் இந்தத் தீர்ப்பை எழுதும் உரிமையைச் சட்டமே குறுக்கிவிட்டது. 2004 மே மாதம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை அடுத்த பாலோ ஆல்டோ நகரில், குடியிருப்பு மரமொன்றில் படுத்திருந்த மலைச்சிங்கத்தை நகரப் போலீஸ் சுட்டுக் கொன்றது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2012 கடைசியில் ஹாஃப் மூன் பே ஊரில் இரண்டு சிறு குட்டிகளைக் கானுயிர்க் காவலர்களே கொன்றார்கள். மறு ஆண்டு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2014 முதல், உடனடி ஆபத்தாக நடந்துகொள்ளாத மலைச்சிங்கத்திடம் கொல்லாத வழிகளையே கையாள வேண்டும். குடியிருப்புக்குள் நிற்கிறது என்பது மட்டும் ஆபத்தாகாது. மலைச்சிங்கங்கள் நடமாடும் சாண்டா குரூஸ் வளாகத்தில் அவற்றைப் பார்த்ததாகத் தகவல் வந்தால் எச்சரிக்கைச் செய்தி போகிறது: ஓடாதே, குனியாதே, கைகளை உயர்த்திப் பெரிதாகத் தெரி, முகம் பார்த்தபடியே பின்வாங்கு.

மூஸ் என்னும் பெரிய மான் இனத்திடம் இதே அறிவுரை செல்லாது. மூஸ் துரத்தினால் ஓடத்தான் வேண்டும். ஓடி ஒரு மரத்துக்கோ காருக்கோ பின்னால் ஒளிய வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இடம் அலாஸ்கா. அங்கே கரடியைவிட மூஸால் காயப்படுவோர்தான் அதிகம். குளிர்காலத்தில் மலையில் பனி ஆளுயரத்துக்கு ஏறும்போது, பனி அகற்றிய பாதைகளும் அலங்கார மரங்களும் உள்ள ஆங்கரேஜ் நகருக்குள் அவை இறங்கிவிடும்.

1995 ஜனவரியில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆங்கரேஜ் வளாகத்தில் ஒரு தாய் மூஸும் அதன் கன்றும் நின்றிருந்தன. மாணவர்கள் சிலர் பனியுருண்டைகளை எறிந்து அவற்றைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தவர்கள் பின்னர் சொன்னார்கள். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அல்ல, மணிக்கணக்கில். அதன்பிறகு விளையாட்டுக் கூடத்துக்குள் நுழையப்போன 71 வயது முதியவர் ஒருவரை அந்தத் தாய் மிதித்துக் கொன்றது. அவர் அதை ஒன்றும் செய்யவில்லை. அந்த வழியாக வந்தார், அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்ததுண்டு. ‘வளாகத்தில் மூஸ் நிற்கிறது’ என்ற அழைப்பு ஆங்கரேஜில் செய்தியே அல்ல. குளிர்காலத்தில் தினமும் நிற்கும். அதற்காக ஒவ்வொரு முறையும் காரை அனுப்ப முடியாது. ‘மாணவர்கள் மூஸைச் சீண்டுகிறார்கள்’ என்ற அழைப்பு வேறு வகை. அதற்குப் போலீஸ்தான் போக வேண்டும், ஏனென்றால் தடுக்க வேண்டியது மனிதர்களை. கட்டுப்பாட்டு அறையில் ஃபோனை எடுப்பவர் கேட்கும் ஒரே ஒரு கூடுதல் கேள்வி, அதாவது பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது, இந்த இரண்டு அழைப்புகளையும் பிரித்துக் காட்டும்.

இனித் துப்பாக்கி. கார் மோதி முதுகெலும்பு முறிந்த மான் சாலையோரம் துடித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சுட்டு முடிப்பது இரக்கச் செயல். வளாகப் போலீஸ் துப்பாக்கியைப் பயன்படுத்தும் தருணங்களில் இது ஒன்று. பல துறைகளின் விதிப் புத்தகத்தில் இதற்கு நிபந்தனைகள் உண்டு: மேலதிகாரியின் ஒப்புதல், கட்டுப்பாட்டு அறைக்கு முன்தகவல், பின்னால் யாரும் இல்லையென்ற உறுதி, சுட்டபின் அறிக்கை. தார்ச்சாலையில் பட்டுத் தெறிக்கும் தோட்டாவுக்குத் திசை கிடையாது. இந்தச் சடங்குகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதே போல்டர் நகரம் பதில் வைத்திருக்கிறது. 2013 புத்தாண்டு இரவில், பணியிலிருந்த நகரப் போலீஸ்காரர் ஒருவர் குடியிருப்புப் பகுதியில் ஊரார் செல்லமாகப் பார்த்துவந்த பெரிய எல்க் மானைச் சுட்டார். கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் இல்லை. அடிபட்டிருந்தது, அதனால் சுட்டேன் என்றார். கொம்புக்கும் இறைச்சிக்கும் செய்த காரியம் என்று வழக்கு போட்டார்கள். 2014-இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. அவர் வளாகப் போலீஸ் அல்லர். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகாத ஒரு தோட்டா எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு எந்தப் போலீஸுக்கும் அது உதாரணம்.

நாய்கள் விஷயத்தில் நீதிமன்றங்கள் தெளிவாகப் பேசியிருக்கின்றன. ஒருவருடைய நாயைப் போலீஸ் கொல்வது, அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தின்படி அவருடைய உடைமையைப் பறிப்பதாகும் என்று மேற்குப் பகுதி மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இல் சொன்னது. மற்ற வட்டங்களும் பின்னர் அதே வழியில் சென்றன. ஆகவே அதற்கு நியாயமான காரணம் காட்டியாக வேண்டும். 2011-இல் நீதித்துறை, நாய்களை எதிர்கொள்ளும் போலீஸாருக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. 2013-இல் கொலராடோ, நாயின் உடல்மொழியை அறியும் பயிற்சியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அமெரிக்கத் தபால்காரர்களை 2024-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை நாய்கள் தாக்கியிருக்கின்றன. அவர்களிடம் இருப்பது தோல் பையும் மிளகுக் கரைசலும். அதைக் கொண்டு சமாளிக்கிறார்கள். இதை நினைத்துப் பார்த்தால், சுடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்ற வாதம் எத்தனை தடவை எடுபடும் என்று புரியும்.

விடுதிக்குள் இருக்கும் நாய் வேறொரு பொறி. உணவுக்கூடத்தில் யாரோ நாயோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புகார் வருகிறது. ஊனமுற்றோர் சட்டத்தின் விதிகள்படி அதிகாரி இரண்டே கேள்விகள் கேட்கலாம்: இது ஊனத்தின் காரணமாகத் தேவைப்படும் உதவி நாயா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது? சான்றிதழ் கேட்கக் கூடாது, ஊனம் என்னவென்று விசாரிக்கக் கூடாது, ‘செய்து காட்டு’ என்று சொல்லக் கூடாது. மன ஆறுதலுக்காக வளர்க்கும் விலங்குக்கு உணவுக்கூடத்தில் இந்த உரிமை இல்லை. விடுதி அறையில் மட்டும் வீட்டுவசதிச் சட்டத்தின்படி உரிமை கோரலாம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கார்னி வளாகம் அப்படி ஒரு மாணவியின் நாயை அனுமதிக்க மறுத்தது; அந்தச் சட்டம் மாணவர் குடியிருப்புக்கும் பொருந்தும் என்று 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு 1,40,000 டாலர் இழப்பீட்டோடு 2015-இல் சமரசமானது. எதைக் கேட்கக் கூடாது என்று தெரியாத ஒரு போலீஸ்காரர் பத்து நிமிடத்தில் பல்கலைக்கழகத்தை வழக்கில் மாட்டிவிடலாம்.

இவ்வளவையும் பார்த்தபின், அழைப்பே வராமல் செய்வதுதான் மலிவான வழி என்று தோன்றுகிறது. வளாகப் பூனைகள் அதற்குச் சாட்சி. ஆண்டிறுதியில் மாணவர்கள் விட்டுச்செல்லும் பூனைகள் பெருகி, பிடித்துக் கொல்வதா வேண்டாமா என்ற சண்டை பல வளாகங்களில் நடந்திருக்கிறது. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1991 முதல் 2002 வரை, பிடித்து, கருத்தடை செய்து, அங்கேயே விட்டு, பழகியவற்றுக்கு வீடு தேடித் தந்தார்கள். ஜூலி லெவியும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி, 155 பூனைகளில் 47 விழுக்காட்டுக்கு வீடு கிடைத்தது. 1996-இல் 68 பூனைகள் இருந்த வளாகத்தில் 2002-இல் 23 இருந்தன. உழைத்தது பெரும்பாலும் தன்னார்வலர்கள். கரடிக்கும் இதே கணக்குதான்: போல்டர் நகரம் 2014-இல் தன் மேற்குப் பகுதியில் கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டியைக் கட்டாயமாக்கியது. மயக்க ஊசியைவிடக் குப்பைத்தொட்டி மலிவு.

எனக்குக் கடைசியாக ஒரு குறை உண்டு, அது பதிவேட்டைப் பற்றியது. லீஹை பல்கலைக்கழக விடுதியில் 1986-இல் கொல்லப்பட்ட ஜீன் கிளெரி என்னும் மாணவியின் பெயரால் வழங்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வளாகங்கள் தினசரிக் குற்றப் பதிவேடு வைக்க வேண்டும், ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வெளியிட வேண்டும் என்கிறது. கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை, தீவைப்பு என்று அதன் வகைகள் போகின்றன. அவற்றில் விலங்குக்கு இடமில்லை. விலங்கு வதையை எஃப்.பி.ஐ. 2016 முதல் தனிக் குற்றமாக எண்ணத் தொடங்கியபோதும் வளாக அறிக்கைக்கு அது வரவில்லை. அணிலும் வௌவாலும் மாணவப் பத்திரிகையின் நகைச்சுவைப் பத்தியில்தான் இடம்பெறுகின்றன. சிரித்துவிட்டு மறக்கிறோம். எந்த விடுதியில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் வௌவால் வருகிறது, எந்தக் குப்பைமேட்டுக்குக் கரடி வருகிறது, கானுயிர்த் துறை வந்துசேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்பவை அந்தச் சிரிப்போடு போய்விடுகின்றன. இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு வளாகப் போலீஸும் தன் பதிவேட்டில் விலங்குகளுக்கென்று ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். என்ன விலங்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள், யாருக்குத் தகவல் போனது, அவர்கள் எப்போது வந்தார்கள், விலங்கு உயிரோடு போனதா: இந்த ஐந்தையும் எழுதி, ஆண்டிறுதியில் மற்ற புள்ளிவிவரங்களோடு சேர்த்து வெளியிட வேண்டும்.